அடுப்புக் கூடாரம் வாங்கும்போது விடும் பிழைகள்

மாசி மாதம், ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்கா. வெளியே மைனஸ் 24 பாகை. இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் கூடாரத்துக்குள் வெறும் ரீசேட்டோடு இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். விடியப்புறம் நான்கு மணிக்குக் குளிரில் விழித்துப் பார்த்தால், தலைமாட்டில் வைத்த அரைப் போத்தல் தண்ணீர் கல்லாகிக் கிடக்கிறது. அடுப்பு எப்போதோ அணைந்துவிட்டது. உள்ளே சூடு இருக்கும்தானே என்று நம்பி, பாரம் குறைக்க மெல்லிய ஸ்லீப்பிங் பாக் ஒன்றைத்தான் கொண்டுபோயிருந்தேன். விடியும்வரை குந்தியிருந்து விறகு தள்ளினேன்.

உள்ளே விறகடுப்பு வைத்து எரிக்கக்கூடிய, இங்கே ‘ஹொட் டென்ட்’ என்று சொல்லும் அடுப்புக் கூடாரத்தை வாங்குகிறவர்கள் விடும் மிகப் பெரிய பிழை இதுதான். முதுகில் சுமக்கக்கூடிய டைட்டானியம் அடுப்பின் வயிறு சின்னது. ஒருமுறை நிரப்பிய விறகு ஒரு மணித்தியாலம் நின்றால் நல்ல விறகு. மெல்லிய துணி சூட்டைப் பிடித்து வைக்காது. நெருப்பு அணைந்து கொஞ்ச நேரத்தில் உள்ளும் வெளியும் ஒரே குளிர். அடுப்பு இருப்பது சமைக்க, சப்பாத்து காயவைக்க, படுக்கும்வரை மனிதராய் இருக்க. நித்திரைக்கான பை, கீழ்விரிப்பு இரண்டையும் அடுப்பே இல்லை என்ற கணக்கில் வாங்குங்கள். அதற்குக் காசு போதாவிட்டால் கூடாரத்தை அடுத்த வருடம் பார்க்கலாம்.

அடுத்தது பாரம். முதுகில் சுமந்து போவதும், ஓரிடத்தில் நான்கைந்து நாள் முகாம் போட்டுச் சுற்றிப் பார்ப்பதும் வேறு வேறு பயணங்கள். கூம்பு வடிவ நைலோன் அல்லது பொலியெஸ்டர் கூடாரமும் டைட்டானியம் அடுப்பும் சேர்ந்து நான்கைந்து கிலோ வரும். இரண்டு பேர் பிரித்துச் சுமக்கலாம். பருத்திக் கன்வஸ் கூடாரம் தனியாகவே பத்துக் கிலோவைத் தாண்டிவிடும். ஆனால் அது ஈரத்தை வெளியே விடும், தீப்பொறி பட்டால் நைலோன்போல உருகி ஓட்டையாகாது. உறைந்த ஏரியின் மேல் சறுக்குவண்டியில் இழுத்துப்போய் ஓரிடத்தில் தங்குவதென்றால் நான் கன்வஸைத்தான் எடுப்பேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஈரம் குடித்து உறைந்த கன்வஸ் பலகை மாதிரி நிற்கும், மடிக்க முடியாது, வரும்போது இருந்ததை விடப் பாரம். பெட்டியில் எழுதியிருக்கும் எடையில் நடுக்கம்பம், முளைகள், புகைக்குழாய் எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இராது.

‘நான்கு பேருக்கு’ என்று போட்டிருந்தால் அடுப்போடு இரண்டு பேர் என்று எடுங்கள். அடுப்பைச் சுற்றிக் குறைந்தது அரை மீற்றர் வெறுமையாக இருக்க வேண்டும். தரை தைத்த கூடாரத்தைச் சுத்தம் என்று நினைத்து வாங்குகிறார்கள்; அடுப்புக்கு அது ஆபத்து. தரையில்லாத கூடாரத்திலும் அடுப்பை நேரே பனிமேல் வைத்தால் பனி உருகி ஒரு கால் புதையும், குழாய் சரியும். இரண்டு தடித்த கட்டைகளைக் குறுக்கே போட்டு அதன்மேல் வையுங்கள். புகைக்குழாய் கூடார உச்சியை விட உயரமாக நிற்க வேண்டும், நுனியில் பொறி தடுக்கும் வலை வேண்டும். வலை இல்லாமல் போன ஒரு நண்பரின் நைலோன் கூரையைக் காலை வெளிச்சத்தில் பார்த்தேன்: நட்சத்திரம் மாதிரி பதினேழு ஓட்டைகள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். காற்று நுழையக் கூடாதென்று கூடார விளிம்பைச் சுற்றிப் பனியைக் குவித்து அடைக்கிறோம். பிறகு விறகு இரவு முழுக்க நிற்கட்டும் என்று அடுப்பின் காற்றுவாயையும் மூடிவிட்டுப் படுக்கிறோம். இப்படிப் புகைந்து புகைந்து எரியும் தணல்தான் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவை அதிகம் கக்கும். அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் கீழே ஒன்று, உச்சியில் ஒன்று என்று இரண்டு காற்றுவழி உள்ள கூடாரத்தையே வாங்குங்கள், இரண்டையும் திறந்தே வையுங்கள். எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம். ஆனால் அதை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்: காற்றில் இந்த வாயு 70 பிபிஎம் (பத்து லட்சத்தில் 70 பங்கு) இருந்தால், வீட்டுக் கருவி கத்த ஒன்று முதல் நான்கு மணித்தியாலம் எடுக்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. சாதாரண பற்றரியும் கடுங்குளிரில் சோர்ந்துவிடும்; லிதியம் போடுங்கள். படுக்கும்முன் நெருப்பை முழுதாக எரிந்து முடிய விடுங்கள்.

விறகு கரைச்சல் என்று சின்ன புரோப்பேன் ஹீற்றரை உள்ளே வைப்பவர்களும் உண்டு. அதற்குப் புகைக்குழாய் இல்லை. 454 கிராம் சிலிண்டர் ஒன்று எரிந்து முடியும்போது முக்கால் லீற்றர் அளவு தண்ணீர் ஆவியாகக் கூடாரத்துக்குள் சேர்ந்திருக்கும். அது கூரையில் உறைந்து, விடிய உங்கள் முகத்தில் கொட்டும். காபன் மொனொக்சைட் ஆபத்து அதிலும் இருக்கிறது.

வாங்கியதும் காட்டுக்கு ஓடாமல் முதலில் வீட்டுப் பின்வளவில் போட்டுப் பாருங்கள். சுருட்டி வைக்கும் டைட்டானியம் குழாயை முதன்முறை உருட்டுவது இரண்டு பேரின் வேலை. விளிம்பு சவரக்கத்தி மாதிரி, தடித்த கையுறை வேண்டும். ஒருமுறை நன்றாகச் சூடேறி அந்த வளைவு பதிந்துவிட்டால், அடுத்த முறை தானாகவே சுருளும்.