மோனோவிஷன் லேசர் சிகிச்சைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாற்பது வயதைக் கடந்ததும் மாத்திரை அட்டையில் உள்ள காலாவதித் தேதியைப் படிக்கக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டி வருகிறதே, அதைத்தான் வெள்ளெழுத்து என்றும் சாளேசுவரம் என்றும் சொல்கிறோம். கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயது ஏற ஏற இறுகி, கிட்டத்தில் உள்ள பொருளுக்கு ஏற்பத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் திறனை இழப்பதே இதற்குக் காரணம். லேசர் சிகிச்சை திருத்துவது கண்ணின் முன்புறத்தில் உள்ள கருவிழியின் (கார்னியா) வளைவை மட்டுமே. இறுகிப்போன வில்லையை அது தொடுவதில்லை. ஆகவே 45 வயதில் இரண்டு கண்களையும் தூரப் பார்வைக்குத் திருத்திக்கொள்பவருக்குச் செய்தித்தாள் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். மைனஸ் 2 பவர் உள்ளவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் புத்தகம் படிக்கும் வசதி இன்று அவர்களுக்கு இருக்கிறது. இரு கண்களையும் தூரத்துக்குத் திருத்திய மறுநாளே அது போய்விடும்.

இதற்கு ஒரு மாற்றுவழியாக வந்ததே மோனோவிஷன். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றொரு கண்ணைக் கிட்டத்துக்கும் அமைத்து, எப்போது எந்தக் கண்ணின் தெளிவான காட்சியை எடுத்துக்கொள்வது என்பதை மூளையின் பொறுப்பில் விட்டுவிடும் முறை இது. காண்டாக்ட் லென்ஸில் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள இந்த முறையை, லேசரால் கருவிழியைத் திருத்தும் லேசிக் சிகிச்சையில் செய்வதற்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது.

இதை முழு நிவாரணம் என்று எண்ணாமல் ஒரு கொடுக்கல் வாங்கலாகப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து. இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சம அளவு தெளிவாகப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை மூளையால் நுட்பமாகக் கணிக்க முடிகிறது. மோனோவிஷனில் அந்த நுட்பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, பெரும்பாலான நேரம் கண்ணாடி இல்லாமல் இருக்கும் வசதியை வாங்குகிறோம். ஊசியில் நூல் கோர்க்கும்போதும், காபியை டம்ளரிலிருந்து டவராவுக்கு உயர்த்தி ஆற்றும்போதும், மங்கிய வெளிச்சத்தில் படியிறங்கும்போதும் இந்த இழப்பு தெரியவரும். இரவில் எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதாகச் சொல்பவர்களும் உண்டு.

இந்த விலை நமக்குக் கட்டுப்படியாகுமா என்பதை மருத்துவமனை நாற்காலியில் பத்து நிமிடம் சோதனைக் கண்ணாடி போட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சிகிச்சைக்குப் பின் எந்தக் கண்ணில் எவ்வளவு பவர் இருக்குமோ அதே அமைப்பில் காண்டாக்ட் லென்ஸ் வாங்கி, குறைந்தது ஒன்றிரண்டு வாரங்களாவது அணிந்து பார்க்க வேண்டும். அந்த நாட்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருப்பதில் பயனில்லை. வழக்கமான வேலைகள் அத்தனையையும் செய்ய வேண்டும். ஓட்டிப் பழகிய சாலையில் இருட்டியபின் பாதுகாப்பாக ஓட்ட முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆனால் லென்ஸ் போட்ட முதல் சில நாட்களில் வண்டியைத் தொடாமல், பின்னால் அமர்ந்து சென்று பழகிக்கொள்வது நல்லது. தலைவலியும் தடுமாற்றமும் முதல் வாரத்தோடு அடங்கினால் நம்பிக்கை கொள்ளலாம். அடங்காவிட்டால், லென்ஸைக் கழற்றுவதோடு முடிந்துபோகும் அந்தத் தொல்லையை லேசரால் நிரந்தரமாக்கிக்கொள்ளத் தேவையில்லை.

எந்தக் கண்ணைத் தூரத்துக்கு விடுவது என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவே சிறு இடைவெளி விட்டு, கைகளை நீட்டி, எதிர்ச்சுவரில் உள்ள கடிகாரத்தை அந்த இடைவெளி வழியே பார்த்துக்கொண்டு கண்களை மாற்றி மாற்றி மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் இடைவெளிக்குள்ளேயே இருக்கிறதோ அதுவே உங்கள் முதன்மைக் கண். வழக்கமாக அதைத்தான் தூரத்துக்கு அமைப்பார்கள். மருத்துவர் இதை வேறு முறைகளிலும் சோதிப்பார்.

அடுத்து, கிட்டப் பார்வைக் கண்ணில் எவ்வளவு மைனஸ் விடுவது என்ற கேள்வி. கணக்கு எளியது: 100 சென்டிமீட்டரை அந்தப் பவரால் வகுத்தால், தெளிவாகத் தெரியும் தூரம் கிடைக்கும். மைனஸ் 1.5 என்றால் சுமார் 67 சென்டிமீட்டர், அதாவது மேசைக் கணினித் திரை இருக்கும் தூரம். மைனஸ் 2.5 என்றால் 40 சென்டிமீட்டர், கையில் புத்தகம் பிடிக்கும் தூரம். ஆனால் இரு கண்களுக்கும் இடையிலான வேறுபாடு கூடக் கூட மூளைக்கு இணக்கம் குறைகிறது. அதனால் பலருக்கும் 1.25 முதல் 1.75 வரையிலான அளவே பொருந்துகிறது. மருத்துவரிடம் போவதற்கு முன் ஓர் அளவுநாடாவை எடுத்து, நீங்கள் கணினியை, கைப்பேசியை, தையல் துணியை எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்று அளந்து குறித்துக்கொண்டு போங்கள். இரு கண்களிலும் ஏற்கெனவே மைனஸ் 1.5 உள்ளவருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் செய்து, மற்றதை அப்படியே விட்டுவிட்டாலே போதுமானதாக இருக்கலாம்.

தூரத்தைத் துல்லியமாகக் கணிப்பதே தொழிலாக உள்ளவர்கள் மிகவும் யோசிக்க வேண்டும். 1996 அக்டோபர் 19 அன்று நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் டெல்டா நிறுவனத்தின் 554ஆம் எண் விமானம் தரையிறங்கும் வேளையில் ஓடுபாதைக்கு முன்னுள்ள விளக்குக் கம்பங்களில் மோதியது. மழையிலும் மூடுபனியிலும் நீர்ப்பரப்பின் மேலே இறங்கிய விமானியால் ஓடுபாதையை ஒட்டிய தன் நிலையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்றும், அவர் அணிந்திருந்த மோனோவிஷன் காண்டாக்ட் லென்ஸே அதற்குக் காரணம் என்றும் விசாரணையில் முடிவானது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. விமானி மட்டுமல்ல, இரவு முழுவதும் லாரி அல்லது பேருந்து ஓட்டுபவரும் கிரேன் இயக்குபவரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மற்றபடி, எந்த லேசர் சிகிச்சைக்கும் உரிய விதிகள் இதற்கும் உண்டு. கருவிழி மெலிந்து கூம்பாகும் நோய் உள்ளவர்களுக்கும், கண் வறட்சி கடுமையாக உள்ளவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், கருவுற்றவர்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மருத்துவர்கள் வேண்டாம் என்பார்கள் அல்லது தள்ளிப்போடுவார்கள். கடந்த ஓராண்டில் பவர் மாறாமல் இருந்திருக்க வேண்டும். மென்மையான காண்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவத்தைச் சற்றே மாற்றிவிடுவதால், அளவெடுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். ஒத்திகைக்காக அணிந்த லென்ஸுக்கும் இது பொருந்தும். இந்தியாவில் 7.5 பவருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டுத் திருத்தச் செலவைப் பொதுவாக மருத்துவக் காப்பீடு ஏற்பதில்லை என்பதால் பணத்தையும் முன்பே திட்டமிட வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் மூளை பழகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். இரவில் வண்டி ஓட்டுவதற்கென, கிட்டப் பார்வைக் கண்ணையும் தூரத்துக்குத் திருத்தும் கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. கடைசிவரை பழகாவிட்டால், கருவிழியில் போதிய கனம் மிச்சம் இருக்கும் நிலையில் அந்தக் கண்ணையும் லேசரால் தூரத்துக்கு மாற்ற இயலும். மாற்ற இடம் இருக்குமா என்பதை முதல் சிகிச்சைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கண்ணுக்குள் உள்ள வில்லை அறுபது வயதுவரை மேலும் இறுகிக்கொண்டே போவதால், 45இல் போதுமானதாக இருந்த அமைப்பு 55இல் பொடி எழுத்துக்குப் போதாமல் போகலாம்.

பிற்காலத்தில் கண்புரை வந்து செயற்கை லென்ஸ் வைக்க நேரும்போது, லேசரால் வளைவு மாற்றப்பட்ட கருவிழியில் அந்த லென்ஸின் பவரைக் கணக்கிடுவது கடினம். சிகிச்சைக்கு முந்தைய உங்கள் பவர், கருவிழி வளைவின் அளவு, செய்யப்பட்ட திருத்தம் ஆகிய மூன்றும் அடங்கிய அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.