ஹெல்மெட் கண்ணாடியில் பனி படியாமல் இருக்க

மழையிலோ குளிரிலோ வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் கண்ணாடி மங்கிப்போனால் எதிரே வரும் வண்டியின் விளக்கு வெறும் வெளிச்சத் திட்டாகத்தான் தெரியும். நம் மூச்சிலிருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுப் பொடிப்பொடித் துளிகளாகப் படிந்து நிற்பதுதான் காரணம்.

கைவசம் உள்ள வழி, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. கண்ணாடியைக் கழுவித் துடைத்துவிட்டு, உட்புறத்தில் மட்டும் ஒரே ஒரு சொட்டைத் தடவுங்கள். பிறகு மென்மையான மைக்ரோஃபைபர் துணியால், கோடு எதுவும் தெரியாத வரை தேய்த்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று தங்கும்; ஈரம் துளியாகத் திரளாமல் சீராகப் பரவிவிடும். அவ்வப்போது திரும்பப் பூச வேண்டும். பனி படியாத பூச்சு ஏற்கெனவே உள்ள கண்ணாடியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், பூச்சு கெட்டுவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் வேண்டவே வேண்டாம், கண்ணாடி செய்யப்பட்டிருக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பாழாகும்.

சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள், தாடைப் பக்கக் காற்றுத் துளையும் திறந்திருக்கட்டும். தினமும் மழையில் ஓட்டுபவர் என்றால், கண்ணாடியின் உட்புறம் பொருத்தும் பின்லாக் என்ற ஒளிபுகும் தகடு வாங்குவதே மேல். கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே அடைபட்ட காற்று, குளிரை உள்ளே விடாது. உங்கள் ஹெல்மெட்டுக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள்.