மரபணுவை வெட்டி ஒட்டுதல்: பியூசி19 பிளாஸ்மிட்டில் ஒளிரும் புரத மரபணு

1973-இல் கோஹனும் பாயரும் டி.என்.ஏ-வை வெட்டும் ஈகோ-ஆர்-ஒன் நொதியால் வெட்டிய துண்டைப் பிளாஸ்மிட்டில் (பாக்டீரியாவுக்குள் தனியே இருக்கும் சிறு டி.என்.ஏ வளையம்) ஒட்டி ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றினார்கள். இன்றைய ஆய்வக மேசையிலும் அடிப்படையில் அதே வேலைதான். நொதியும் பாக்டீரியாவும் இப்போது விலைக்குக் கிடைக்கின்றன, அவ்வளவே. இங்கே 2,686 காரஇணை (டி.என்.ஏ-வின் எழுத்து இணை) நீளமுள்ள பியூசி19 பிளாஸ்மிட்டில், பச்சை ஒளிரும் புரதத்தின் 720 காரஇணை மரபணுவைச் செருகுவோம்.

முதலில் பிரைமர், அதாவது பிசிஆர் முறையில் மரபணுவை நகலெடுத்துப் பெருக்கத் தொடக்கமாக அமையும் சிறு டி.என்.ஏ துண்டு. பிரைமர் வழியாக மரபணுவின் தொடக்கத்தில் ஹிண்ட்-த்ரீ என்ற நொதியின் வெட்டிடத்தையும் முடிவில் ஈகோ-ஆர்-ஒன் வெட்டிடத்தையும் சேருங்கள். பியூசி19-இல் லேக் புரமோட்டருக்கு (மரபணுவை இயக்கத் தொடங்கும் பகுதி) அருகில் இருப்பது ஹிண்ட்-த்ரீ முனைதான். வெட்டிடத்துக்கு வெளியே ஆறு எழுத்து கூடுதலாக வையுங்கள், டி.என்.ஏ-வின் விளிம்பிலேயே வெட்டிடம் இருந்தால் நொதிக்குப் பிடிமானம் கிடைக்காது. மரபணுவுக்குள்ளேயே இந்த இரண்டு வெட்டிடங்களும் இல்லை என்று வரிசையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இதைப் பார்க்காமல் பிரைமருக்கு ஆர்டர் போட்டவர்கள் நிறையப் பேர்.

பிசிஆரில் பெருக்கிய மரபணுவையும் பியூசி19-ஐயும் தனித்தனியே வெட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கலவை 20 மைக்ரோலிட்டர்: 1 மைக்ரோகிராம் டி.என்.ஏ, 10 மடங்கு பஃபர் 2 மைக்ரோலிட்டர், இரு நொதிகளிலும் அரை அரை மைக்ரோலிட்டர் முதல் 1 மைக்ரோலிட்டர் வரை, மீதி தண்ணீர். நொதியைக் கடைசியில் சேருங்கள். அது 50 சதவீத கிளிசராலில் வருகிறது. மொத்தக் கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நொதி போனால் கிளிசரால் கூடி, ஈகோ-ஆர்-ஒன் தன் இடத்தை விட்டு வேறு இடங்களிலும் வெட்டத் தொடங்கும். 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிசிஆர் துண்டைப் பெருக்கப் பயன்படுத்திய பிளாஸ்மிட்டிலும், பியூசி19-இல் இருப்பது போல, ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணு இருந்தால், டிபிஎன்-ஒன் நொதியால் அதை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் பிளேட் முழுக்கப் பழைய பிளாஸ்மிட்தான் முளைக்கும்.

வெட்டிய டி.என்.ஏ-வை நீளவாரியாகப் பிரிக்க 1 சதவீத அகரோஸ் ஜெல்லில் மின்சாரத்தால் ஓட்டும்போது, வெட்டாத பியூசி19-ஐப் பக்கத்திலேயே ஏற்றுங்கள். அது முறுக்கி இறுகியிருப்பதால் வெட்டியதைவிட வேகமாக இறங்கும். பட்டையை வெட்டி எடுக்கும்போது குறுகிய அலை புற ஊதா விளக்கின் கீழ் ஜெல்லை வைத்து ரசித்துக்கொண்டிருக்காதீர்கள். அரை நிமிடமே டி.என்.ஏ-வைக் கெடுத்துவிடலாம். நீல ஒளி விளக்கு இருந்தால் நல்லது.

அடுத்து ஒட்டுதல். பலர் சறுக்கும் இடம் இதுதான். கணக்கு எடையில் அல்ல, மூலக்கூறு எண்ணிக்கையில்: ஒரு பிளாஸ்மிட்டுக்கு மூன்று துண்டு. 50 நானோகிராம் பிளாஸ்மிட்டுக்கு 50 × 720 ÷ 2,686 × 3, அதாவது ஏறக்குறைய 40 நானோகிராம் மரபணுத் துண்டு. 20 மைக்ரோலிட்டர் கலவையில் ஒட்டும் நொதியான டி4 லைகேஸ் 1 மைக்ரோலிட்டர், 10 மடங்கு பஃபர் 2 மைக்ரோலிட்டர். 16 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். பஃபரில் இருக்கும் ஏடிபி (லைகேஸுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு), மீண்டும் மீண்டும் உறையவைத்து உருக்கினால் சிதைந்துவிடும். புதுக் குப்பி வந்ததும் சிறு சிறு பங்காகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். "லைகேஸ் செத்துப்போச்சு" என்று சொல்லப்படும் பல நேரங்களில் செத்தது பஃபர்தான்.

50 மைக்ரோலிட்டர் டிஎச்5-ஆல்ஃபா காம்பிடென்ட் செல்லை (டி.என்.ஏ-வை உள்வாங்கத் தயார் செய்த ஈ.கோலை) பனிக்கட்டியில் உருக்கி, ஒட்டிய கலவையிலிருந்து 5 மைக்ரோலிட்டருக்கு மிகாமல் சேருங்கள். குலுக்காமல், பைப்பெட்டால் இழுத்து விடாமல், விரலால் மெதுவாகத் தட்டினால் போதும். பனிக்கட்டியில் 30 நிமிடம், 42 டிகிரியில் சரியாக 45 விநாடி, மறுபடி பனிக்கட்டியில் 2 நிமிடம். பிறகு ஆன்டிபயாட்டிக் இல்லாத ஊடகத்தில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம். எதிர்ப்புப் புரதம் உருவாக அந்த அவகாசம் வேண்டும்.

பிளேட்டில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆம்பிசிலின், 40 மைக்ரோகிராம் எக்ஸ்-கேல் (பியூசி19-இன் லேக்-இசட் மரபணு சிதையாமல் இருந்தால் நீலமாகும் பொருள்). அகர் ஏறத்தாழ 50 டிகிரிக்கு ஆறிய பிறகே ஆம்பிசிலின் சேருங்கள். 16 முதல் 18 மணி நேரத்துக்கு மேல் விட்டுவைத்தால், பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குட்டிக் காலனிகள் வரும். அவற்றில் பிளாஸ்மிட் இருக்காது, எடுக்காதீர்கள்.

கூடவே நான்கு கட்டுப்பாட்டு பிளேட்டுகளும் வேண்டும். டி.என்.ஏ சேர்க்காததில் ஏதாவது முளைத்தால் ஆம்பிசிலின் வேலை செய்யவில்லை. வெட்டாத பியூசி19 100 பிகோகிராம் சேர்த்ததில் ஒன்றுமே வரவில்லையென்றால் காம்பிடென்ட் செல்தான் குற்றவாளி. லைகேஸ் இல்லாத வெட்டிய பிளாஸ்மிட்டில் நிறைய வந்தால் வெட்டு அரைகுறை. லைகேஸ் சேர்த்து, மரபணு சேர்க்காததில் மட்டும் எண்ணிக்கை எகிறினால் ஒரு நொதி வெட்டியிருக்கிறது, மற்றது வெட்டவில்லை. அந்தப் பிளாஸ்மிட் தானாகவே மூடிக்கொண்டது.

நீலக் காலனி என்றால் காலிப் பிளாஸ்மிட்; வெள்ளை என்றால் துண்டு நுழைந்திருக்கலாம். ஆறு வெள்ளைக் காலனியை வளர்த்து, பிளாஸ்மிட் பிரித்து, அதே இரு நொதிகளால் வெட்டிப் பாருங்கள். 2.6 கிலோபேஸிலும் (ஏறக்குறைய 2,600 காரஇணை) 720 காரஇணையிலும் இரண்டு பட்டை தெரிந்தால் வரிசையறியக் கொடுக்கலாம். காலனி பச்சையாக ஒளிரவில்லையே என்று கலங்க வேண்டாம்: சட்டகம் (எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும் வரிசை) பொருந்தாவிட்டால் மரபணு இருந்தும் புரதம் வராது. பயன்படுத்திய பிளேட், குழாய், திரவம் எல்லாம் 121 டிகிரி ஆட்டோகிளேவுக்குப் பிறகே குப்பைக்குப் போக வேண்டும்.