வீட்டுக் கொடுமையக் காட்டுற சீரிஸ, நெசமாவே அந்தக் கொடுமைல மாட்டிக்கிட்ட பொண்ணோட சேர்ந்து பாக்குறது எப்படி

மொதல்ல நேரம் பாத்துக்கங்க. எங்க பாம்பன் பக்கம் புருசன் போட்ல கடலுக்குப் போற ராத்திரிதான் வசதி, ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துல பெரிய போட்டு ஆளுங்க கரையிலயே இருப்பாங்க, அப்ப வேணாம். உங்க போன்லயே போடுங்க, அந்தப் பொண்ணு போன்ல பாத்தா ஹிஸ்டரில நிக்கும், புருசன் செக் பண்ணா அதுக்கே அடி விழும்.

2020ல வந்த 'தப்பட்'ங்கிற இந்திப் படம் நல்லா இருக்கும், ஒரே ஒரு அறை, அதுலேர்ந்து அந்தப் பொண்ணு மொத்தக் கல்யாணத்தையும் திரும்பிப் பாக்குறா. ஆனா நான் மொதல்ல சொல்றது 2021ல வந்த 'மெய்ட்'ங்கிற இங்கிலீஷ் சீரிஸ், 10 எபிசோட், கூட வாழுறவன் அடிக்கவே இல்லயே இது கொடுமையான்னு அவளுக்கே சந்தேகம், கையில காசில்லாம புள்ளயத் தூக்கிட்டு ராத்திரில கெளம்புறா, அப்புறம் ஒரு கட்டத்துல அவன்கிட்டயே திரும்பப் போறா. அந்த எடத்துல "லூசா இவ"ன்னு மட்டும் சொல்லிறாதீங்க, பக்கத்துல இருக்கவங்க வாய் அதோட மூடிரும்.

அழுதா நிறுத்திட்டு டீ போடுங்க. தோண்டிக் கேக்காதீங்க. அவங்களா பேசுனா, திட்றதும் செலவுக்குக் காசு தராததும்கூட 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி வன்முறைதான்னு சொல்லுங்க, பொண்ணுங்களுக்கான உதவி நம்பர் 181அ மனசுல பதிய வச்சுக்கச் சொல்லுங்க, போன்ல சேவ் பண்ண வேணாம்.