59 வருஷம் எம்.பி.யா இருந்த ஜான் டிங்கெல்ல எப்படிப் படிக்கிறது

டெல்லி ராஜிந்தர் நகர்ல தங்கி யு.பி.எஸ்.சி.க்கு பொலிட்டிக்கல் சயின்ஸ் ஆப்ஷனல் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக இத எழுதறேன். அமெரிக்க காங்கிரஸ்னாலே எல்லாரும் செக்ஸ் அண்ட் பேலன்சஸ் (checks and balances, அரசோட ஒரு கிளை இன்னொரு கிளைய கட்டுப்படுத்தறது)னு நாலு பாயின்ட்ட மனப்பாடம் பண்ணிட்டு போயிடறீங்க, அதுக்கு பதிலா ஒரே ஒரு ஆள எடுத்து ஒழுங்கா படிங்க, மொத்த சிஸ்டமும் புரிஞ்சிடும். என் சாய்ஸ் மிச்சிகன்காரர் ஜான் டிங்கெல். 1955 டிசம்பர்ல பிரதிநிதிகள் சபைக்குள்ள போனவரு 2015 ஜனவரிலதான் வெளிய வந்தாரு.

மொதல்ல வருஷத்த எண்றத விடுங்க. ஒரே ஒரு பில்ல புடிங்க, அது போற வழியிலயே போங்க. இவரோட அப்பாவும் எம்.பி., 1943லயே தேசிய ஹெல்த் இன்சூரன்ஸ் பில்ல கொண்டு வந்தவர்ல ஒருத்தர், பாஸ் ஆகல. அவர் 1955ல எறந்ததும் அதே சீட்டுக்கு பையன் வந்தாரு, வந்து ஒவ்வொரு காங்கிரஸ்லயும் (அங்க ரெண்டு வருஷ சபைக் காலத்தையும் காங்கிரஸ்னுதான் சொல்வாங்க) ஹெல்த் இன்சூரன்ஸ் பில்ல திரும்பத் திரும்ப போட்டுட்டே இருந்தாரு. ஏன் திரும்பத் திரும்பன்னு கேளுங்க, அங்கதான் மேட்டரே இருக்கு: அங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ சபைக்கு எலெக்‌ஷன், அந்த காங்கிரஸ் முடிஞ்சா பாஸ் ஆகாத பில் எல்லாம் செத்துடும், நம்ம லோக்சபா கலைஞ்சா பில் லேப்ஸ் ஆகுதே அதே மாதிரி. 1965ல மெடிகேர், அதாவது வயசானவங்களுக்கான அரசாங்க ஹெல்த் இன்சூரன்ஸ், சபையில பாஸ் ஆனப்போ சபைய நடத்தற சேர்ல உக்காந்திருந்தது இவர்தான், அன்னிக்கு தட்டின அதே சுத்தியல 2010ல ஒபாமா ஹெல்த் பில் ஓட்டெடுப்புக்கு அப்போ சபாநாயகரா இருந்த நான்சி பெலோசி கைல குடுத்தாரு. எனக்கு இத படிக்கிறப்ப எல்லாம் சிலிர்க்கும்.

ஆனா ரசிகனா மட்டும் படிக்காதீங்க, மார்க் போயிடும். 1973ல அழியற உயிரினங்களக் காப்பாத்தற சட்டத்த எழுதின அதே மனுஷன், கார் மைலேஜ், புகை கட்டுப்பாடுன்னு வந்தா பல வருஷம் முட்டுக்கட்ட போட்டாரு. காரணம் தொகுதி: ஃபோர்டு தலைமையகம் இருக்கிற டியர்பார்ன், அவருக்கு ஓட்டு போட்டவங்க கார் ஃபேக்டரி தொழிலாளிங்க. அதனாலயே 2008 நவம்பர்ல சொந்த ஜனநாயகக் கட்சிக்காரங்களே 137க்கு 122ன்னு ஓட்டுப் போட்டு எனர்ஜி அண்ட் காமர்ஸ் கமிட்டி தலைவர் பதவிய இவர்கிட்டேர்ந்து எடுத்து கலிஃபோர்னியா எம்.பி. ஹென்றி வேக்ஸ்மேனுக்கு குடுத்தாங்க. சீனியாரிட்டி எவ்ளோ தூரம் காப்பாத்தும்ங்கிற கேள்விக்கு இதவிட நல்ல எக்ஸாம்பிள் கெடையாது.

மெட்டீரியலுக்கு காங்கிரஸோட அஃபிஷியல் சைட்ல அவர் பேரப் போட்டு ஸ்பான்சர் பண்ண பில்ல மட்டும் ஃபில்டர் பண்ணுங்க. புக்கு வேணும்னா கரோல் பாக்ல புளூ லைன் ஏறி பாராகம்பா ரோடுல எறங்கி, கஸ்தூர்பா காந்தி மார்க் அமெரிக்கன் சென்டர் லைப்ரரிக்கு போங்க, ஐடி கார்டு மறக்காதீங்க.

ஆன்சர் எழுதறப்ப நம்ம திருச்சி சிவா கொண்டு வந்த திருநங்கைகள் உரிமை தனிநபர் மசோதாவ (மந்திரியா இல்லாத எம்.பி. கொண்டு வர்ற பில்) பக்கத்துல வைங்க. 2015 ஏப்ரல் 24ல ராஜ்யசபாவுல பாஸ் ஆச்சு, லோக்சபாவ தாண்டல. தனி ஒரு எம்.பி.க்கு இங்க எவ்ளோ எடம், அங்க எவ்ளோ எடம்னு அந்த ரெண்ட வெச்சே ரெண்டு பக்கம் எழுதலாம்.