மாட்டுக்கு மேல்பல் கிடையாது: மனுசனை விலங்காக்கிச் சிரிக்க வைப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

மார்கழி பாதி கழிந்தால் எனக்கு இரண்டு மூன்று போன் வந்துவிடும். "அண்ணா, இந்த வருசமும் அந்தச் சந்தை நாடகம் போட்டுரலாமுங்களா?" என்பார்கள். நாடகத்தின் கதை ரொம்பச் சின்னது. சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச் சந்தை மாதிரி ஒரு சந்தை. ஆனால் வாங்க வருவது மாடுகள். முளைக்குச்சியில் கட்டியிருப்பது மனிதர்கள். காளைகள் மனிதனின் வாயைப் பிளந்து பல் பார்க்கும், சுழி பார்க்கும், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கும், அப்புறம் தரகர் வருவார். மொத்தமே பன்னிரண்டு நிமிடம். வெள்ளக்கோயில் பக்கம் ஒரு நோம்பித் திருவிழாவில் தொடங்கி, கோவையில் கம்பெனிப் பொங்கல் விழா வரை போட்டாகிவிட்டது. கைதட்டு வாங்கிய இடமும் உண்டு, மேடையிலேயே வாயடைத்து நின்ற இடமும் உண்டு. நாடகமோ மேடைப்பேச்சோ மீமோ, மனிதனை விலங்காக்கி நையாண்டி பண்ண நினைப்பவர்கள் செய்யக்கூடிய தவறுகளில் பாதியை நானே செய்து பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில், விலங்கைத் தெரியாமல் மனிதனைக் கிண்டல் பண்ணப் போவது. முதல் வருடம் காளை வேடம் போட்டவர் மார்தட்டிக்கொண்டு, "என் மேல்பல்லைப் பாருங்க, முத்துக் கோத்த மாதிரி" என்று ஒரு வசனம் பேசினார். எழுதியது நான். முன்வரிசையில் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், குரலை உயர்த்தாமல், "ஏனுங் தம்பி, மாட்டுக்கு ஏதுங் மேல்பல்லு?" என்றார். கூட்டம் சிரித்தது. அன்று இரவு விழுந்த பெரிய சிரிப்பு அதுதான், அது என் வசனத்துக்கு விழுந்ததல்ல.

மாட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டும்தான், எட்டு. மேலே முன்பக்கம் வெறும் கெட்டி ஈறு. பால்பல் விழுந்து இரண்டிரண்டாக முளைப்பதை வைத்துத்தான் ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு என்று சந்தையில் வயசு சொல்கிறார்கள். கட்டுத்தரையில் வளர்ந்த கூட்டத்துக்கு முன்னால் இதைத் தப்பாகச் சொன்னால் அப்புறம் எந்த நகைச்சுவையும் எடுபடாது. ஆனால் அந்தத் தப்பு எனக்கு நல்ல வசனம் ஒன்றைக் கொடுத்தது. அடுத்த வருடம் காளை மனிதனின் வாயைத் திறந்து பார்த்துப் பதறிப் பின்வாங்கியது: "என்னங் இது, மேலயும் பல்லு வெச்சிருக்குது! புல்லுத் திங்கறதுக்கா, ஆளைக் கடிக்கறதுக்கா?" அதே பெரியவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அதுமுதல் மாட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது. ஆக, இரண்டு மாடுகள் துண்டைப் போர்த்தி மனிதனுக்கு விலை பேசினால் இரண்டுக்கு மேல் காட்ட முடியாது. மனிதனின் விலை எந்தச் சந்தையிலும் இரண்டைத் தாண்டவில்லை என்பது அங்கிருந்து தானாக வந்தது. காங்கேயம் கன்று செவந்த நிறத்தில் பிறந்து, ஆறு மாதம் போல் ஆனதும் மயிலை என்கிற சாம்பல் நிறத்துக்கு மாறும். "எங்க கன்னு ஒருவாட்டி நிறம் மாறுமுங், அத்தோட சரி. இது எலெக்சனுக்கு எலெக்சன் மாறுது" என்று ஒரு பசு சொல்லும். இதையெல்லாம் நான் யோசித்து உண்டாக்கவில்லை, மாடுதான் கொடுத்தது. பச்சோந்தி, முதலைக் கண்ணீர், நரித்தந்திரம் என்று பழகிய உவமைகளை எடுத்தால் கொட்டாவிதான் வரும். அவற்றில் சில தப்பும் கூட. பச்சோந்தி நிறம் மாறுவது பெரும்பாலும் மற்ற பச்சோந்திக்குச் சேதி சொல்லவும் உடம்புச் சூட்டைச் சரிசெய்யவும்தான்; கட்சி மாறுவதற்கு அதை இழுப்பது அதற்குத்தான் அவமானம். கவரிமா என்பது மானே இல்லை, இமயத்துச் சடைமாடு. குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று மேடையில் சொல்லாதீர்கள். சிம்பன்சிக்கும் நமக்கும் பல லட்சம் வருடங்களுக்கு முன்னால் ஒரே பாட்டன் என்பதுதான் சரி. பங்காளி முறை என்று சொல்லிப் பாருங்கள், நம் ஊரில் இன்னும் நன்றாகப் புரியும். வரப்புத் தகராறு உட்பட.

அடுத்தது வெளியூர் அதிர்ச்சியை அப்படியே இறக்குமதி பண்ணுவது. 1871-இல் டார்வினின் மனித மரபு பற்றிய நூல் வந்த உடனே, லண்டன் பத்திரிகை ஒன்று ஒராங்குட்டான் உடம்பில் அவர் தலையை ஒட்டிப் படம் போட்டது. அங்கே அது பெரிய வேடிக்கை. கடவுள் மனிதனைத் தனியாக, உயரமாகப் படைத்து உட்கார வைத்தார் என்பது அங்கத்து நம்பிக்கை. அவனை மரக்கிளைக்கு இறக்கியதில்தான் சிரிப்பு. நம் ஊரில் அந்தப் பீடமே வேறு மாதிரி. "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று சிவபுராணம் பாடி வளர்ந்த ஆத்தாவிடம் போய், "நீங்களும் ஒரு விலங்குதான்" என்று சொன்னால், "ஆமாஞ் சாமி, அதுக்கென்ன இப்ப?" என்பார். நான் ஒருமுறை இணையத்தில் பார்த்த ஆங்கில நகைச்சுவையைத் தமிழில் எழுதி, "மனிதன் உடை உடுத்திய குரங்கு" என்று முடித்து, சிரிப்புக்காக நிறுத்திக் காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் நன்றாகக் கேட்டது.

இங்கே அந்த நையாண்டி வேறு வழியில் ஓடுகிறது. "மாவும் மாக்களும் ஐயறி வினவே" என்று தொல்காப்பியம் ஓர் எழுத்தை நீட்டி, மக்களில் சிலரை ஐந்தறிவுக் கணக்கில் சேர்த்துவிட்டது. வள்ளுவர் இன்னும் குசும்பு. கயவர்கள் பார்க்க அச்சாக மனிதர் மாதிரியே இருக்கிறார்கள், இப்படி ஓர் ஒற்றுமையை நான் கண்டதில்லை என்று வியக்கிற மாதிரி ஒரு குறள், 1071. பாரதியின் குயில் பாட்டில் குயில் ஒரு குரங்கைப் பார்த்து உருகும்: மனிதர்கள் எத்தனை துணி சுற்றினாலும், தாடி மீசையைத் திருத்தினாலும், கோபுரத்தில் ஏற ஏணி வைத்தாலும் உங்களுக்கு ஈடாவார்களா, சரி, "வாலுக்குப் போவதெங்கே?" மனிதன் இறங்கி வந்த குரங்கல்ல, முயன்றும் குரங்காக முடியாமல் போனவன். இந்தத் திருப்பம் நம் கூட்டத்திடம் உடனே போய்ச் சேரும், பலமுறை பார்த்துவிட்டேன்.

ஒரு விலங்குக்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம் என்று நம்புவது மூன்றாவது. கம்பெனி விழாவில் இதில் நன்றாக மாட்டினேன். இரவு ஷிப்டைக் கவனிக்கும் மேலாளர் ஒருவரை ஆந்தையாக்கினேன். வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள், அவர்களுக்கு ஆந்தை என்றால் அறிவு, மேலாளருக்கும் பெருமை என்று என் கணக்கு. வடக்கிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் பாதி அரங்கு. இந்தியில் 'உல்லு' என்றால் ஆந்தையும்தான், மடையனும்தான். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்கோ ஆந்தை வீட்டு மேல் உட்கார்ந்தாலே ஆகாது. அறிவு என்று புரிந்துகொண்டவர்கள் அந்த மூன்று விருந்தினர் மட்டும். மேலாளர் அதற்கப்புறம் என்னிடம் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இந்தப் பட்டியல் நீளும். பெண் நடையைப் பிடி நடை, அதாவது பெண்யானை நடை, என்பது நம் புலவர்களுக்குப் புகழ்ச்சி. ஆங்கிலம் பேசும் ஊரில் ஒரு பெண்ணை யானை மாதிரி நடக்கிறாள் என்று சொல்லிப் பாருங்கள். பசு மாதிரி என்பது இங்கே பெண் பார்க்கப் போகும்போது சொல்லும் சொல், அங்கே வசவு. கழுதைக்கு 1828 அமெரிக்கத் தேர்தலில் ஒரு நல்ல காலம் பிறந்தது. ஆண்ட்ரூ ஜாக்சனை எதிரிகள் கழுதை என்று திட்ட, அவர் அதையே எடுத்துக்கொண்டார். 1870-இல் தாமஸ் நாஸ்ட் வரைந்த கேலிச்சித்திரத்துக்கு அப்புறம் ஜனநாயகக் கட்சிக்கு அது அடையாளமாகவே ஒட்டிக்கொண்டது. அந்தியூரில் ஒருவர் கழுதைச் சின்னத்தில் ஓட்டுக் கேட்டு வந்தால் டெபாசிட் நிலைக்குமா? ஜப்பானில் கியோட்டோவின் கோசன்ஜி கோயிலுக்குச் சொந்தமான பழைய ஓவியச் சுருளில் ஒரு தவளை புத்தர் போல் அமர்ந்திருக்கும், குரங்கு ஒன்று துறவி உடையில் பூசை செய்யும். அதைக் கோயிலே பொக்கிஷமாக வைத்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு நம் நோம்பி மேடையில் குரங்குக்குப் பூசாரி வேட்டி கட்டிவிடாதீர்கள். மைக் செட்காரர் முதலில் ஒயரைப் பிடுங்குவார்.

எல்லோரையும் சொல்வதற்கும் சிலரை மட்டும் சொல்வதற்கும் இருக்கிற வித்தியாசத்தை விட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே மோசம். 2008 ஜனவரியில் சிட்னி கிரிக்கெட் டெஸ்டில், கறுப்பின வழி வந்த ஆஸ்திரேலிய வீரர் ஆண்ட்ரூ சைமண்ட்ஸைக் குரங்கு என்று சொன்னதாக நம் ஹர்பஜன் சிங் மேல் புகார் வந்து, மூன்று டெஸ்ட் தடை போட்டார்கள். மேல்முறையீட்டில் நிரூபணம் இல்லை என்று அந்தத் தடை நீங்கியது. அந்த வாரம் டீக்கடையில், "குரங்குன்னா என்னங் தப்பு? அனுமார் சாமிதானுங்களே?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். 1906-இல் நியூயார்க்கில் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில், ஓட்டா பெங்கா என்ற காங்கோ இளைஞரைக் குரங்குக் கூடத்தில் வைத்துக் காட்சிப்படுத்தினார்கள் என்பதை ரொம்பப் பிந்தித்தான் படித்தேன். அங்கே அந்தச் சொல் அனுமாரிடமிருந்து வரவில்லை, அந்தக் கூண்டிலிருந்து வருகிறது. 1994-இல் ருவாண்டா வானொலியில் துட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று சொல்லிச் சொல்லித்தான் கொலைக்கு ஆள் திரட்டினார்கள்.

இவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. என் நாடகத்தில் ஒரு எருமை வரும். எங்கள் குழுவில் நல்ல கருப்பாக ஒரு பையன், அவனைப் போட்டேன். மேடையில் அறிமுகப்படுத்தும்போது, "இவருக்குச் சாயச் செலவே இல்லைங்" என்று ஒரு வரி. அரங்கம் சிரித்தது. மூன்றாவது வரிசையில் அவன் அம்மா தூக்குப்போசியை மடியில் வைத்து, அதன் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். நாடகம் முடிந்து, தெர்மாகோல் கொம்பைக் கழற்றிக்கொண்டே அவன், "அண்ணா, அடுத்தவாட்டி நான் தரகனா வர்றனுங்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆளை மாடு என்பது வெறும் சிரிப்பாகத் தெரிவது, பண்ணையத்தில் மாட்டோடு மாடாகக் கிடந்த தாத்தா இல்லாத வீட்டில்தான். இந்தக் கொங்குச் சீமையில் அப்படித் தாத்தா இருந்த வீடுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும். பன்றி, எருமை, செத்த மாடு என்று எழுதுகிறபோது அது விலங்கைச் சொல்கிறதா, ஒரு தெருவைச் சொல்கிறதா என்று பார்க்காமல் மேடையேறக் கூடாது. இப்போது அந்த எருமை வேடத்தில் நான்தான் வருகிறேன்.

நாமே வேடத்துக்குள் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு" என்று மாணிக்கவாசகர் தன்னைச் சொல்லிக்கொண்டார். அடுத்த வீட்டுக்காரரைச் சொல்லியிருந்தால் பதிகம் ஆகியிருக்காது, பஞ்சாயத்து ஆகியிருக்கும்.

மரியாதையைக் கழற்றினால்தான் சிரிப்பு வரும் என்ற நினைப்பும் வேண்டாம். "டேய் எருமை" என்று கத்துவது வேறு ஊர் பாணி. இங்கே நாயைக்கூடப் போங்க என்போம் என்று மற்ற ஊர்க்காரர்கள் ஓட்டுவார்கள். ஓட்டட்டும், நம் குசும்பின் சரக்கே அந்த 'ங்க'வில்தான் இருக்கிறது. உச்சி வெயிலில் வேலை ஏவிவிட்டு நிழலில் நிற்கும் மேஸ்திரியிடம் என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) சொன்னது இது: "ஏனுங் மேஸ்திரி, எருமைங்கூட நெழல் பாத்துத்தான் நிக்குதுங். அதுக்கும் நம்முளுக்கும் அந்த ஒத்துமை இருக்குதுங் பாருங்க." மேஸ்திரி தலையாட்டிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தார். ஒல்லியானவரை ஒடக்கான் (ஓணான்) என்பதும், கொழுத்தவரைப் பெருக்கான் (பெருச்சாளி) என்பதும் உறவுக்குள் செல்லும். மேடையில் பெயர் சொல்லிச் செய்தால் ஒரம்பரையே (சொந்தபந்தமே) இரண்டாகிவிடும்.

அப்புறம் கடைசியில் ஒரு நீதி சொல்லும் பழக்கம். "ஆகவே, விலங்குகளிடமிருந்து மனிதன் கற்றுக்கொள்ள வேண்டியது..." என்று ஒருவர் மைக்கைப் பிடித்தால் கூட்டம் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும். எங்கள் நாடகத்திலும் முதல் வருடம் அது இருந்தது. வெட்டிவிட்டேன்.

போன பொங்கலுக்கு நாடகம் துண்டு பேரத்தோடு முடிந்தது. இரண்டு குளம்பு, விலை இரண்டாயிரம், மனிதனை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தரகராக நடித்தது அந்தப் பையன்தான். திரைக்குப் பின்னால் கொம்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அந்தத் துண்டுப் பெரியவர் மேடைப் படி ஏறி வந்தார். இந்தமுறை என்ன தப்போ என்று எழுந்து நின்றேன். அவர் நேராகத் தரகரிடம் போய், குரலைத் தாழ்த்தி, "ரெண்டாயிரம்னு முடிச்சீங்களே தம்பி, அது கயித்தோடயா, கயிறு இல்லாமயாங்?" என்று கேட்டார்.

"கயித்தோடதானுங்" என்றான் பையன்.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்பக் கயித்துக்குச் சரிதானுங்."