உலகக் கண்காட்சியில் ஒரு நாட்டின் இடத்தைத் தேடுவது எப்படி

பத்தொன்பதாம் நூற்றாண்டு உலகக் கண்காட்சிகளில் ஒரு நாடு தன்னை எவ்வாறு காட்டிக்கொண்டது என்று ஆராய்பவர், படங்களைச் சற்று ஒதுக்கிவிட்டு, கண்காட்சியின் தரைப்படத்தையும் பொருட்பட்டியலையும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பொருளை அனுப்பியவர் யார், அது யாருடைய பகுதியில் வைக்கப்பட்டது என்பதை அவைதான் சொல்லும்.

1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த கண்காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்பொருள், இயந்திரம், உற்பத்திப் பொருள், நுண்கலை என்னும் நான்கு பிரிவுகளில் இயந்திரம் எந்த நாட்டின் பெயரில் நிறைந்திருக்கிறது, மூலப்பொருள் எங்கிருந்து வந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தால், பேரரசின் கணக்கு தானே புலப்படும். இந்தியப் பகுதியை அமைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அங்கே அம்பாரியைச் சுமந்து நின்ற பாடம் செய்யப்பட்ட யானைகூட இங்கிலாந்தின் சிற்றூர் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து இரவல் வாங்கியதுதான்! 1849இல் பஞ்சாபிலிருந்து பறிக்கப்பட்ட கோகினூர் வைரமோ விக்டோரியா அரசியாரின் உடைமையாகக் காட்டப்பட்டது.

சிங்கப்பூரைத் தேடுபவர் ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1867 ஏப்ரலுக்கு முன்பு நம் தீவு இந்திய நிர்வாகத்தின்கீழ் இருந்ததால், அக்காலப் பட்டியல்களில் இந்தியப் பகுதியைப் புரட்டுங்கள். அதன்பின் 'நீரிணைக் குடியேற்றங்கள்' (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி) என்ற தலைப்பைப் பாருங்கள். 1886இல் லண்டனில் நடந்த குடியேற்ற, இந்தியக் கண்காட்சி இதற்கு நல்ல தொடக்கம். தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் தேடும்போது, கண்காட்சி திறந்த நாளிலிருந்து அல்லாமல், பொருள்கள் திரட்டப்பட்ட அதற்கு முந்தைய ஆண்டிலிருந்து தொடங்குவது நல்லது.

தரைப்படத்தை வாசித்துப் பழக 1867 பாரிஸ் கண்காட்சியைவிடச் சிறந்தது இல்லை. அதன் தலைமை அமைப்பாளர் பிரெடெரிக் லெ ப்ளே வகுத்த திட்டப்படி, அந்த நீள்வட்ட மண்டபத்தின் வளையம் ஒன்றைச் சுற்றி வந்தால் ஒரே வகைப் பொருளைப் பல நாடுகளிலும் ஒப்பிடலாம்; நடுவிலிருந்து வெளிநோக்கி நடந்தால் ஒரே நாட்டின் எல்லாப் பொருள்களையும் காணலாம். அங்கே ஜப்பானை ஆண்ட ஷோகுன் என்னும் படைத்தலைவரின் அரசுக்குப் போட்டியாகச் சத்சுமா சிற்றரசு தனியே பொருள்களை வைத்து, தனி நாடு போலவே தன்னைக் காட்டிக்கொண்டது.

வராதவர்களையும் விட்டுவிடக் கூடாது. பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டை ஒட்டி 1889இல் நடந்த பாரிஸ் கண்காட்சியில் பிரிட்டன் உள்ளிட்ட முடியரசுகள் பல அரசுமுறையில் பங்கேற்கவில்லை. அதே கண்காட்சியில் ஜாவாக் கிராமம் ஒன்று அமைக்கப்பட்டு, மனிதர்களே காட்சிப்பொருளாக்கப்பட்டார்கள். இத்தகைய கிராமங்களை ஒரு நாட்டின் சுயசித்திரமாகக் கொள்ளாமல், அவற்றை நடத்தியவர் யார் என்று தனியே குறித்துவையுங்கள்.

பயிற்சிக்கு நம் அண்டை நிலத்தையே எடுக்கலாம். 1893 சிகாகோ கண்காட்சியில் சுல்தான் அபூபக்கரின் ஜொகூர் தன் பெயரிலேயே இடம்பெற்றது. அதன் பொருள்களில் எவை அரசுமுறை மண்டபங்களில் இருந்தன, எவை 'மிட்வே' என்னும் கேளிக்கைத் தெருவில் இருந்தன என்று தரைப்படத்தில் இரண்டு நிறங்களால் குறித்துப் பாருங்கள்.